ஆறாம் எண் படம்

ஞாயிற்றுக்கிழமை சபையில் சொல்லவேண்டிய சாட்சியைப் படக்காரர் வியாழக்கிழமை மத்தியானமே எழுத உட்கார்ந்தார். கடைசி நிமிஷத்தில் அவசரமாக எதையாவது கிறுக்கிக்கொண்டு போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை. எதையும் நேரத்தோடு செய்கிற மனிதர் என்பதால் வந்த வினை அது.

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் படக்காரர்தான். இருபத்திரண்டு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறார். ஊரில் பாதிப் பேரை உள்ளே புகுந்து பார்த்தவர். தெருவில் யாராவது வணக்கம் வைத்தால் அவருக்கு முகம் ஞாபகம் வராது, விலா எலும்பைக் காட்டினால் வந்துவிடும் என்று நர்ஸுகள் கேலி செய்வார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டார். பால் புளித்துவிட்டது என்று மனைவி சொன்னால்கூட ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொட்டுவார்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவியோ பிறந்ததிலிருந்தே சபைக்காரி. வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பு தைக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் அவளைச் சைக்கிளில் கொண்டுபோய் வாசலில் விடுவார். ஆராதனை முடியும்வரை வெளியே சுவரோரம் நின்று செய்தித்தாள் படிப்பார். உள்ளே வாங்க என்று அவள் இழுத்ததும் இல்லை, வெளியே நிற்கிறாரே என்று அழுததும் இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதுதான் வாக்குவாதம்.

"உங்க ஆண்டவர் கல்லறை காலியா இருந்துச்சுன்னு சொல்றீங்களே, முதல்ல போய்ப் பார்த்தது யாரு?"

"பொம்பளைங்க."

"அந்தக் காலத்துல பொம்பளை சொல்றதை எந்தக் கோர்ட்டுல எடுத்துப்பாங்க?"

"எடுத்துக்க மாட்டாங்கல்ல? அதனாலதான் நான் நம்பறேன். கட்டிவிடற கதைன்னா நல்ல பெரிய மனுஷனாப் பார்த்து சாட்சி வச்சிருப்பாங்க. ரொட்டியை எடுங்க, ஆறிடும்."

இது நல்ல பாயிண்ட் என்று அவருக்குப் பட்டது. வாய்விட்டு ஒப்புக்கொள்ளாமல் ரொட்டியை எடுத்துக்கொண்டார்.

இப்படிச் சுவரோரம் நின்றவரை உள்ளே இழுத்துப்போட்டது இரண்டு படங்கள். மழைக்காலத் தொடக்கத்தில் அவளுக்கு விடாத இருமல். அவரே படம் எடுத்தார். வலது நுரையீரலின் மேல்பகுதியில் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு நிழல். டாக்டரம்மா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதினார். அங்கே ஆறு வாரம் கழித்துத்தான் நாள் கிடைத்தது. அந்த ஆறு வாரமும் சபைக்காரர்கள் தினம் சாயங்காலம் வந்து வீட்டில் முழங்கால் போட்டு ஜெபித்தார்கள். அவர் அடுக்களையில் டீ போட்டுக்கொண்டே அழுதார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் புதுப்படம் வேண்டும் என்றார்கள். எடுத்துக் கழுவிப் பார்த்தால், நிழலைக் காணோம். துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். சளிக்கட்டாக இருந்து கரைந்திருக்கலாம் என்று அங்கே சொன்னார்கள். சளிக்கட்டு எப்படி இருக்கும், அந்த நிழல் எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியாதா? அடுத்த ஞாயிறு அவர் செய்தித்தாளை மடித்துச் சைக்கிளில் செருகிவிட்டு உள்ளே போனார். இந்த ஞாயிறு அவருக்கு ஞானஸ்நானம்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர்த் தொட்டிக்கு இறங்கும் முன் முதல் படியில் நிற்கவைத்துப் போதகர் கேட்பார்: "நீ கண்டதென்ன?" கேள்விப்பட்டதை, படித்ததை, பிறர் சொன்னதைச் சொல்லக்கூடாது. தன் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லவேண்டும். ஊரில் உள்ள அத்தனை சபைகளிலும் படக்காரருக்கு ஏற்ற சபை இதுதான் என்று மனைவி சொல்வாள்.

அதைத்தான் எழுத உட்கார்ந்தார். வெளியே மழை. எக்ஸ்ரே அறையில் மத்தியானம் ஆளில்லை. பழக்க தோஷம், சாட்சியையும் அறிக்கை மாதிரியே ஆரம்பித்தார். முதலில் தேதி. அதன் கீழே, 'என் மனைவியின் நெஞ்சுப் படம். எண் ஆறு' என்று எழுதினார். அடுத்த வரிக்குப் பேனாவைத் தூக்கியவர் தூக்கினபடியே இருந்தார்.

எண் என்பது ஈயத்தில் வார்த்த சின்ன உருப்படி. படம் எடுக்கும்போது படத்தாள் வைத்த கேசட்டின் மேல் மூலையில் ஒட்டிவிட்டால் படத்தில் வெள்ளையாக விழும். அன்றைக்கு எத்தனையாவது ஆளோ அந்த எண். எண்கள் வைக்கும் பெட்டியில் இருந்த ஒன்பது போன வருஷம் கழுவுதொட்டிக்குப் பின்னால் விழுந்து தொலைந்துபோயிற்று. புதிதாக ஒன்று வேண்டும் என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தும் வரவில்லை. வராவிட்டால் என்ன, ஆறைத் தலைகீழாக ஒட்டினால் ஒன்பது. ஒரு வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது.

அன்றைக்கு இருட்டறைக் கொடியில் இரண்டு ஆறு தொங்கின.

அது இப்போதுதான் ஞாபகம் வந்தது என்று சொன்னால் அவருக்கே பொய்யாகப் படும். மனசின் ஒரு மூலையில் கிடந்ததுதான். மனைவியின் இருமல் காதிலேயே இருந்ததால் ஒன்பதாவது ஆளுக்கு எண்ணைத் திருப்பி ஒட்ட மறந்திருந்தார். கழுவி எடுத்தால் இரண்டிலும் ஆறு. இரண்டும் பெண்களின் நெஞ்சு. அதனாலென்ன, கொடியில் இடமிருந்து வலமாகத்தானே மாட்டுவோம் என்று, இடப்பக்கம் இருந்ததை மனைவியின் படமாக வைத்துக்கொண்டு, வலப்பக்கத்து ஆறை வெள்ளை மையால் ஒன்பதாகத் திருத்தினார். ஒரு நிமிஷ வேலை. அதன்பிறகு இடப்பக்கத்துப் படத்தை வெளிச்சப்பெட்டியில் வைத்தார், நிழலைப் பார்த்தார், மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

ஆனால் அன்றைக்குக் கூரை ஒழுகியது.

அவர் எழுந்துபோய் வராந்தா துடைத்துக்கொண்டிருந்த ஆயாவைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, மழை ஆரம்பிச்ச புதுசுல இருட்டறை ஒழுகுச்சே, ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? மூணு வாளி வச்சேன்."

"கொடியில படம் தொங்கிட்டிருந்துச்சே, அதை யாராவது தொட்டாங்களா?"

"யாராவதா? நீங்க சாப்பிடப் போயிருந்தப்போ நான்தான் தொட்டேன். தொடாம விட்டிருந்தா உங்க படமெல்லாம் அன்னைக்கே ஊறிப் போயிருக்கும். ஒவ்வொண்ணா எடுத்து எதிர்க் கொடியில மாட்டினேன். இத்தனை நாள் கழிச்சாவது கேட்டீங்களே, ஒரு நன்றி சொல்லுங்க."

"எந்தப் பக்கத்துலேர்ந்து மாட்டினே?"

"இதென்ன கேள்வி? கைக்கு வந்த பக்கம்தான்."

நன்றி என்றார். உள்ளே வந்து அந்த நாளின் பேரேட்டைப் புரட்டினார். ஒன்பது: பெண், வயது நாற்பத்தொன்று, சலவைக்கூடத்தில் வேலை, மூன்று மாத இருமல். எதிரே டாக்டரம்மாவின் கையெழுத்து: கோளாறு இல்லை. விரலை மடக்கி எண்ணினார். அறுபத்து மூன்று நாள்.

பதறாதே, இன்னும் எதுவும் நிரூபணமாகவில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டார். கைக்கு வந்த பக்கம் சரியான பக்கமாகவும் இருந்திருக்கலாம். இதை ஊகத்தால் தீர்க்கவேண்டியதில்லை. வழி ஒன்று இருக்கிறது. மனைவி பதினோரு வயதில் மரத்திலிருந்து விழுந்து இடது காறை எலும்பை முறித்துக்கொண்டவள். கோணலாகக் கூடி, அங்கே பயறு அளவுக்கு ஒரு மேடு. கல்யாணமானதிலிருந்து அவர் விரலுக்குப் பழகிய மேடு. நிழலுள்ள படத்தில் அந்த மேடு இருந்தால் படம் அவளுடையது. ஆயிரக்கணக்கான எலும்பைப் பார்த்த மனிதர் அந்த ஒரு படத்தில் மட்டும் எலும்பைப் பார்க்கவே இல்லை. நிழலைத் தவிர வேறெதையும் பார்க்க அவருக்குத் தெம்பு இல்லாமல் போயிருந்தது.

படங்கள் இரண்டும் இப்போது சபையில் இருக்கின்றன. போதகர் கேட்டு வாங்கிக்கொண்டுபோய் மேற்குப் பக்க ஜன்னல் கண்ணாடியில் துணிக் கிளிப் போட்டு மாட்டியிருக்கிறார். ஒன்றின் கீழ் 'முன்', மற்றதன் கீழ் 'பின்' என்று அட்டை. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

வேலை முடிந்து ஐந்து மணிக்குச் சைக்கிளை எடுத்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் அவரையும் அறியாமல் ஒரே வேண்டுதல்: மேடு இருக்கட்டும், மேடு இருக்கட்டும். சபைக்கு வந்த இந்த மூன்று வாரத்தில் மற்றவர்கள் ஜெபிக்கும்போது கண்ணை மூடிச் சும்மா இருந்தவர். தானாக அவர் வாயில் ஜெபம் வந்தது இதுதான் முதல் தடவை.

சபையின் கதவு திறந்தே இருந்தது. மழைச் சாயங்காலத்தின் வெளிச்சம் ஜன்னலில் மங்கலாக இருந்தது, அவருக்கு அது போதும். முதலில் 'பின்' படத்தைப் பார்த்தார். இடது காறை எலும்பில் மேடு, பிசகாமல் இருந்தது. மற்றதைப் பார்க்கக் கழுத்து திரும்பவில்லை. திரும்பாமலே வீட்டுக்குப் போய்விடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆயாவுக்கு எதுவும் புரியவில்லை. மனைவி சந்தோஷமாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை படியில் நின்று, இரண்டு படம் கண்டேன் என்று சொன்னால் அதுவும் பொய்யில்லை. நெற்றியில் வழிந்த மழைத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

இடது காறை எலும்பு ஸ்கேல் வைத்து இழுத்த கோடு மாதிரி வழுவழுவென்று இருந்தது. மேடு இல்லை. விரலை வைத்துத் தடவினார், படத்தை விரலால் தடவி என்ன தெரியும்? முன்வரிசைப் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"வாங்க வாங்க, முன்னாடியே வந்து உட்கார்ந்துட்டீங்க!" என்று பின்னாலிருந்து கணீரென்று குரல் வந்தது. போதகர் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆராதனைக்கு வருகிறவர்களைக்கூட இன்னமும் உள்ளே நகருங்க என்றுதான் அழைப்பார். நல்ல மனிதர். அந்த ஆறு வாரத்தில் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை.

படக்காரர் விஷயத்தைச் சொன்னார். ஆறு, ஒன்பது, ஒழுகல், மேடு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். போதகர் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கர்த்தர் நுரையீரலைச் சரிபண்ணினப்போ எலும்பையும் சரிபண்ணியிருக்கலாமில்லையா?"

"ஐயா, நிழல் இருக்கற பழைய படத்துலதான் எலும்பு நேரா இருக்கு. குணமான படத்துல கோணலா இருக்கு. குணமாக்கற அன்னைக்கு எலும்பை உடைச்சாரா?"

போதகர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை வெளியூர்லேர்ந்து நூறு பேர் வர்றாங்க," என்றார் மெதுவாக. "நோயில கிடக்கிறவங்க எத்தனை பேர் இந்தப் படத்தைப் பார்த்துட்டுத் தெம்பாப் போயிருக்காங்க தெரியுமா? போன வாரம் ஒரு அம்மா ஒரு மாசமாச் சரியாச் சாப்பிடாம இருந்து, இங்கேர்ந்து போய் சூப் குடிச்சாங்களாம். அவங்ககிட்ட நான் என்ன சொல்வேன்?"

"எனக்குத் தெரியலைங்க."

"ஒண்ணு செய்யலாமா? ஞாயித்துக்கிழமை முடியட்டும். திங்கட்கிழமை காலையில நானே உங்ககூட வர்றேன். நாலு நாள்தானே?"

அறுபத்து மூன்றோடு நாலு. படக்காரருக்குச் சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. உண்மையைச் சொன்னால் வேலை போகலாம். அதற்கு மேல், மூன்று வாரமாக நெஞ்சில் இருந்த ஒரு சூடு போய்விடும். அது என்ன சூடு என்று அவருக்குப் பெயர் தெரியாது, ஆனால் அது இல்லாமல் பழையபடி சுவரோரம் போய் நிற்க அவருக்குப் பயமாக இருந்தது.

"யோசிச்சுச் சொல்றேங்க" என்று எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் மனைவி மிஷினில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவர் போட்டுக்கொள்ள வெள்ளை அங்கி தைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் முட்டைக்கோஸ் சூப் கொதித்துக் கண்ணாடியெல்லாம் ஆவி பிடித்திருந்தது.

"கையைத் தூக்குங்க, அளவு பார்க்கணும்" என்றவள் அவர் முகத்தைப் பார்த்து, "என்னங்க, பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க?" என்றாள்.

அவர் அவள் இடது தோளில் கை வைத்தார். மேடு அங்கேதான் இருந்தது.

"உனக்கு நோயே வரலைம்மா" என்றார்.

"அதான் போயிடுச்சே."

"போகலை. வரவே இல்லை. அந்தப் படம் உன்னுது இல்லை."

அவர் சொல்லி முடிக்கும்வரை அவள் மிஷின் சக்கரத்தின்மேல் கை வைத்தபடி இருந்தாள். திட்டினால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

"ஆறு வாரம்," என்றாள் கடைசியில். "தினம் காலையில முழிச்சதும் உயிரோட இருக்கோமான்னு கையை நெஞ்சுல வச்சுப் பார்ப்பேன். யாருக்கு என்ன கொடுக்கணும்னு எழுதிகூட வச்சேன். உங்களுக்குச் சட்டை பொத்தான் தைக்கத் தெரியாதேன்னு எல்லாச் சட்டைக்கும் பொத்தானை ரெட்டை நூல் போட்டு இறுக்கித் தச்சேன். அதெல்லாம் ஒரு தப்பு எண்ணுக்காகவா?"

"என் தப்புதான். என்னை என்ன வேணா சொல்லு."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள்.

"அப்போ அந்தப் படத்துல இருக்கறது யாரு?"

அவர் வாய் திறக்குமுன் அவளே மேலே கேட்டாள். "அவங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லி அனுப்பிட்டீங்களா? எத்தனை நாளாச்சு?"

"அறுபத்து மூணு."

"எங்க இருக்காங்க?"

"சலவைக்கூடத்துல வேலை. போதகர் திங்கட்கிழமை பார்த்துக்கலாம்னு..."

அவள் எழுந்து அடுப்பை அணைத்தாள். சூப் பாதி வெந்திருந்தது. கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த குடையை எடுத்தாள்.

"ஆறரை மணிவரைக்கும் சலவைக்கூடத்துல ஆள் இருப்பாங்க," என்றாள். "விரிப்புக் கொடுக்கப் போயிருக்கேன், தெரியும். செருப்பைக் கழட்டாதீங்க, வாங்க."

சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அவருக்கும் சேர்த்துக் குடை பிடித்தாள். குடை காற்றில் ஒடியப் பார்த்தது. பாதி வழியில் அவர் கேட்டார்.

"உனக்கு நம்பிக்கை போயிடலையா?"

"எதுல?"

"எதுலயா? குணமாச்சுன்னு சொன்னாங்களே, அதுல."

"நான் எப்போ படத்தை நம்பினேன்? படத்தை நம்பினது நீங்க," என்றாள். கொஞ்சதூரம் போனபிறகு, "ஆணிக் காயத்துல விரலை விட்டுப் பார்த்தாத்தான் நம்புவேன்னு ஒரு சீஷர் நின்னாரே, அவரை ஆண்டவர் வெளியே போடான்னா சொன்னாரு? விரலை நீட்டுன்னாரு. ஆண்டவருக்காக நாம பொய் சொல்லணும்னு அவருக்கு ஒரு தேவையும் இல்லை. பள்ளம் பார்த்து ஓட்டுங்க" என்றாள்.

சலவைக்கூடத்தில் கதவைத் தள்ளியதும் ஆவி முகத்தில் அறைந்தது. நீள அறை, இரண்டு பக்கமும் இஸ்திரி இயந்திரங்கள். சோப்பும் சூடான துணியும் கலந்த வாசனை. ஈரத் தரையில் மரச்செருப்புகள் தடதடத்தன. கடைசி இயந்திரத்தில் பெரிய உருவமாக ஒரு பெண், ஒரு கையால் விரிப்பை விரித்து, மறுகையால் மூடியை இறக்கிக்கொண்டிருந்தாள். இடையிடையே முகத்தைத் தோளில் புதைத்து இருமினாள். இருமி முடித்ததும் பக்கத்திலிருந்தவளிடம் எதையோ சொல்லிச் சிரித்தாள்.

அவருக்கு முகம் ஞாபகம் இல்லை. நேரான காறை எலும்பு ரவிக்கைக் கழுத்துக்கு மேலே தெரிந்தது.

"அட, எக்ஸ்ரேக்காரர்!" என்றாள் அவளே. "என்ன, படம் நல்லா வந்திருக்குன்னு பெரிசு பண்ணித் தரப்போறீங்களா?"

"இல்லைம்மா. அன்னைக்கு உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு சொன்னோமே, அது தப்பு. படம் மாறிப் போச்சு. மாத்தினது நான்தான். உங்க படத்துல ஒரு நிழல் இருக்கு."

சிரிப்பு முகத்திலேயே கொஞ்சநேரம் நின்றது. அதற்கு என்ன செய்வதென்று தெரியாததுபோல நின்றது.

"ஆவியிலேயே நிக்கறேன்ல, அதான் இருமல்னு சொன்னாங்களே."

"சொன்னோம்."

"எங்க அக்காகிட்டச் சொல்லி ரெண்டுபேரும் கேக் வாங்கிச் சாப்பிட்டோமே," என்றாள். இயந்திரத்தின் மூடி இறங்கியபடியே இருந்தது. துணி கருகும் வாசனை வந்ததும் பக்கத்துப் பெண் ஓடிவந்து தூக்கினாள்.

மேற்பார்வைக்காரி வந்துவிட்டாள். ஆஸ்பத்திரி விரிப்பு காலைக்குள் போகவேண்டும், நாளைக்கு ஆள் குறைவு, இயந்திரத்தை விட்டு யாரும் நகரமுடியாது, எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் பார்க்கலாம் என்றாள். எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு மேல்தான்.

"நாளைக்கு இவங்க இடத்துல நான் நிக்கறேன்," என்றாள் படக்காரர் மனைவி.

"உனக்கு இஸ்திரி தெரியுமா?"

"இந்த விரிப்புக்கெல்லாம் ஓரம் மடிச்சுத் தச்சது நான். தைக்கத் தெரிஞ்சவளுக்குத் தேய்க்க வராதா? இப்போவே சொல்லிக்கொடுங்க."

அவள் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினாள். கருகிய விரிப்பைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தாள். படக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். சலவைக்கூடத்துப் பெண்ணும் பார்த்தாள்.

"இவங்க உங்களுக்கு யாரு?" என்றாள்.

"என் வீட்டுக்காரி. உங்க படம் இத்தனை நாளும் இவங்க பேர்லதான் இருந்துச்சு."

வெள்ளிக்கிழமை காலை எடுத்த முதல் படம் சலவைக்கூடத்துப் பெண்ணுடையது. எண் ஒன்று. அதையே இரண்டு தடவை சரிபார்த்தார். அவள் குளிர்ந்த பலகையில் மார்பை அணைத்து நின்றாள். "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்றார். பட்டனை அழுத்தினார். கேசட்டை எடுத்துக்கொண்டு இருட்டறைக் கதவை அடைக்கும்போது வெளியே அவள் குரல் கேட்டது.

"சார், மூச்சை விடலாமா?"

விடச் சொல்ல மறந்திருக்கிறார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

சிவப்பு விளக்கில் மருந்துத் தண்ணீருக்குள் படம் மெல்ல மெல்லத் தெளிந்து வந்தது. முதலில் விலா எலும்புகள், பிறகு நெஞ்சு, நேரான காறை எலும்பு. அவர் உதடு அசைந்தது. இந்தத் தடவை கேட்டது தனக்காக அல்ல. நிழல் இருக்கக்கூடாது, நான் நம்புகிறேனோ இல்லையோ, இவளுக்கு இருக்கக்கூடாது.

நிழல் இருந்தது. இருந்த இடத்திலேயே, நகக்கண் அளவு கூடுதலாக.

சபை ஜன்னலிலிருந்து அவர் கழற்றிக்கொண்டு வந்திருந்த பழைய படத்தையும் புதிய படத்தையும் டாக்டரம்மா பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதலில் படக்காரரைக் கூப்பிட்டு வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினார். விளக்கம் எழுதிக் கொடுங்க, மேலிடத்துக்கு அனுப்புவேன், அப்புறம் உங்க தலையெழுத்து என்றார். பிறகு சலவைக்கூடத்துப் பெண்ணை உட்காரவைத்துத் தாழ்ந்த குரலில் பேசினார். இப்போதைக்கு அறுத்து எடுக்கக்கூடிய அளவுதான், இன்னும் இரண்டு மாதம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு இந்தத் தடவை ஆறு வாரமெல்லாம் முடியாது என்று அவர்களிடமும் கத்தினார். சனிக்கிழமையே சேர்த்துக்கொண்டார்கள். படக்காரரின் விளக்கக் கடிதம் அன்றைய தபாலில் மேலிடத்துக்குப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சபை நிரம்பி வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். ஜன்னலில் படங்கள் இல்லை. கிளிப்புகள் மட்டும் தொங்கின. சனிக்கிழமை சாயங்காலம் படக்காரர் சொன்னதைக் கேட்டுவிட்டுப் போதகர் தன் கையாலேயே அட்டைகளைக் கிழித்திருந்தார். ஆனாலும் ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்று முகம் சொல்லியது.

படக்காரர் வெள்ளை அங்கி போட்டுக்கொள்ளவில்லை. வேலைக்குப் போகிற சட்டையோடு முதல் படியில் வந்து நின்றார். தொட்டித் தண்ணீரில் கூரையின் பலகைகள் தெரிந்தன.

"நீ கண்டதென்ன?" என்றார் போதகர். வழக்கமான கணீர் குரல் இல்லை.

படக்காரர் நூறு முகங்களைப் பார்த்தார். சூப் குடித்த அம்மா எங்கேயாவது இருப்பாள்.

"ஒரு அற்புதத்தைக் கண்டேன்னு மூணு வாரமா நினைச்சிட்டிருந்தேன்," என்றார். "நான் கண்டது என் கைத்தப்பு. என் மனைவிக்கு நோய் வரவே இல்லை. நோய் வந்தது வேற ஒருத்தருக்கு. இங்க மாட்டியிருந்த முதல் படம் அவங்களுது. உங்கள்ல யாராவது அதைப் பார்த்துத் தெம்பானீங்கன்னா, என்னை மன்னிச்சுடுங்க."

கூட்டம் சலசலத்தது. "அப்போ ஒண்ணுமே காணலையா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். அது வழக்கத்தில் இல்லாத கேள்வி. போதகர் தடுக்கவில்லை.

"ஒண்ணு கண்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் விஷயத்தை அவகிட்டச் சொன்னேன். ஆறு வாரம் செத்துச் செத்துப் பிழைச்சவ அவ. கொஞ்சநேரம் அழுதா. அப்புறம், அப்போ அது யாருன்னு கேட்டா. கேட்டுட்டுக் குடையை எடுத்தா. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். இதுல எண்ணைத் திருப்ப மறந்தேன்னு சொல்லமுடியாது, படம் மாறிப்போச்சுன்னும் சொல்லமுடியாது. அந்தக் கேள்வி எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். அவளைக் கேட்டா ஆண்டவர்கிட்டேர்ந்துன்னு சொல்றா. அதுக்கு இது ஆதாரம் ஆகுமான்னு எனக்கு இன்னும் தெரியலை. தெரியாம தண்ணியில இறங்கக்கூடாது. அதனால இன்னைக்கு இறங்கலை. ஆனா வெளியே சுவரோரமும் நிக்கமாட்டேன். உள்ளே உட்கார்ந்துதான் கேட்பேன்."

போதகர் அவரையே பார்த்தார். பிறகு பழைய குரல் வந்தது. "முன்பெஞ்சுல இடம் விடுங்கப்பா. கொஞ்சம் நகருங்க."

ஆராதனை முடிந்ததும் அவர் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு சலவைக்கூடத்துக்குச் சைக்கிளை மிதித்தார். அன்றைக்கும் ஆஸ்பத்திரித் துணி உண்டு. அந்தப் பெண் திரும்பி வரும்வரை அவள் இயந்திரத்துக்குத் தன்னை எழுதிக்கொள்ளச் சொல்லியிருந்தாள் மனைவி. ஞானஸ்நானத்தைக்கூடப் பார்க்க வரவில்லை.

ஆவிக்குள் அவள் முகம் சிவந்து வேர்த்திருந்தது. மணிக்கட்டில் புதிதாக ஒரு சூட்டுக் காயம்.

"நனைஞ்சீங்களா?" என்றாள் அவர் தலையைப் பார்த்து.

"மழையிலதான்."

அவள் புரிந்துகொண்டாள். முகம் ஒரு கணம் வாடியது, அவர் அதைப் பார்த்தார். "என்ன சொன்னீங்க?" என்றாள்.

"கண்டதைச் சொன்னேன்."

"அது போதும்," என்றாள். சூடான விரிப்பின் இரண்டு முனையை அவர் பக்கம் நீட்டினாள். "சும்மா நிக்காம இதைப் பிடிங்க. தனியா மடிக்க வரமாட்டேங்குது."

அவர் சாப்பாட்டுப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முனைகளைப் பிடித்துக்கொண்டார்.